புரதம் வெறும் காற்றிலிருந்து வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்லாந்தின் பாக்டீரியாப் புரதம் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், காற்றிலிருந்தே புரதம் எடுத்துவிடுகிறார்கள், இனி உழவரின் தயவு தேவையில்லை என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. நாமக்கல்லில் கோழித் தீவன ஆலை ஒன்றில் மூலப்பொருள் கொள்முதலையும் கலவையையும் கவனித்து ஓய்வுபெற்றவன் நான். புரதத்தை எடைபோட்டு, விலைபேசி வாங்குவதிலேயே காலம் கழித்த எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஹெல்சின்கியை ஒட்டிய வான்டா நகரில் சோலார் ஃபுட்ஸ் நிறுவனம் 2024இல் திறந்த ஆலையில் நடப்பது தாங்கள் அறியாததல்ல. மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அந்த ஹைட்ரஜனிலிருந்து ஆற்றலையும் கரியமில வாயுவிலிருந்து கார்பனையும் பெற்றுக்கொண்டு பாக்டீரியா தொட்டிக்குள் பெருகுகிறது. அதை வடித்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஆனால் புரதம் உருவாக நைட்ரஜனும் வேண்டும். அது அமோனியாவாகத்தான் தொட்டிக்குள் செலுத்தப்படுகிறது; நம் உழவர் வயலுக்கு இறைக்கும் யூரியாவும் அமோனியாவிலிருந்தே செய்யப்படுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அமோனியாவைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 160 டன், அதாவது 16 டன் ஏற்றும் லாரியில் பத்து நடை. நாமக்கல் வட்டாரத்துக் கோழிகள் ஒரே நாளில் தின்று தீர்க்கும் சோயா புண்ணாக்கு இதைவிட அதிகம்.

நூற்றுக்கு 65 முதல் 70 வரை புரதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தீவன ஆய்வகத்தில் கெல்டால் முறைப்படி மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது. ஒருமுறை எங்களுக்கு வந்த கருவாட்டுத் தூளுக்குச் சான்றிதழில் மிக உயர்ந்த புரதம் காட்டியிருந்தது. மூட்டையைப் பிரித்தபோது கண் எரியும் அளவுக்கு அமோனியா நெடி அடித்தது. விற்றவர் யூரியாவைக் கலந்திருந்தார். சான்றிதழை நம்பித் தீவனம் கலந்திருந்தால் பண்ணைக்காரர்கள்தாம் நட்டப்பட்டிருப்பார்கள். பின்லாந்துக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விரைந்து பெருகும் பாக்டீரியாவில் நியூக்ளிக் அமிலம் (உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) இயல்பாகவே மிகுதி. அதன் நைட்ரஜனும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மனித உடலில் அது, மிகுந்தால் மூட்டுவலி தரும் யூரிக் அமிலமாக மாறுவதால்தான், இத்தகைய உணவிலிருந்து வரும் நியூக்ளிக் அமிலம் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் புரத ஆலோசனைக் குழு முன்னரே வரம்பு வைத்தது. உண்பவர் நலனைப் பற்றிய இந்தச் செய்திக்குக் கட்டுரையில் இடம் கிடைக்காமல் போனது ஏன் என்று விளங்கவில்லை.

இதை முற்றிலும் புதிய அதிசயம் போல எழுதியதும் முறையன்று. இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம், இயற்கை வாயுவிலிருந்து செய்த மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து, புரூட்டீன் என்ற பெயரில் கால்நடைத் தீவனம் தயாரித்தது. பாக்டீரியா வளர்த்த தொட்டி 1,500 கன மீட்டர் கொள்ளும். 1980களிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. பாக்டீரியா அங்கே நன்றாகத்தான் வளர்ந்தது. சோயாவின் விலையோடு போட்டியிடத்தான் முடியவில்லை. நார்வேயில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவைக் கொண்டு சால்மன் மீன்களுக்குப் புரதம் செய்த ஆலையும் பின்னர் மூடப்பட்டது.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரியல்லன். இன்று நாம் உண்ணும் முட்டைக்குப் பின்னால் இருக்கும் தீவனத்தில் சேரும் லைசின் என்ற அமினோ அமிலமே (புரதத்தின் கட்டுமானக் கூறு) பாக்டீரியா நொதித்துத் தருவதுதான். 2021இல் சோயா புண்ணாக்கு விலை தலைக்கு மேல் ஏறி, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி தரும் நிலை வந்தபோது, மாற்றுப் புரதம் ஏதேனும் கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் நாங்கள். அப்போது தங்கள் இதழ் முட்டை விலையேற்றத்தைப் பற்றி மட்டும் எழுதியது. பண்ணைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விளக்கி நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. பெங்களூரில் ஸ்ட்ரிங் பயோ நிறுவனம் மீத்தேனிலிருந்து தீவனப் புரதம் தயாரிக்கும் முயற்சியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. பின்லாந்து வரை சென்ற கட்டுரை, ஓர் இரவுப் பயணத் தொலைவில் உள்ள பெங்களூரை எட்டிப் பார்க்கவில்லை. இப்புரதம் பெருமளவில் வருமானால் முதலில் வந்து சேரும் இடம் மீன் குட்டைகளும் கோழிப் பண்ணைகளும்தாம். அப்போதும் தீவனத்துக்கான மக்காச்சோளத்தை விளைவிக்க உழவர் வேண்டும்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, அமோனியாவும் மின்சாரமும் தேவை என்பதைக் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய கட்டுரைகளில் புரத விழுக்காட்டின் அருகிலேயே லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களின் அளவுகளையும், ஒரு கிலோவுக்கு ஆகும் மின்சார யூனிட்டையும் அச்சிட்டால் எங்களைப் போன்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாமக்கல்.