ஜிலேபிக்கு வீடு கிடைத்துவிட்டது

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். நம்ம பூனை ஜிலேபி போன ஞாயிற்றுக்கிழமை சேலையூருக்குக் குடிபோய்விட்டான். "யாராவது எடுத்துக்கிட்டாங்களா?" என்று விடாமல் விசாரித்தவர்களுக்கு முதலில் இந்தச் செய்தி. அப்புறம் நன்றி.

முதல் நன்றி எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தவனைக் கண்டுபிடித்தது அவர்தான். ஆரஞ்சு உடம்பில் சுழி சுழியாகக் கோடு இருந்ததால் ஜிலேபி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயர்க்காரனுக்கே சர்க்கரை வியாதி என்று யார் கண்டது! வைத்ததையெல்லாம் தின்றான், வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான். ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் இடறியது. நடைதான் எல்லாவற்றையும்விட விசித்திரம். பூனை விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி. இவனோ பின்னங்கால்களின் குதிகால் வரை தரையில் பதித்து, தத்தித் தத்தி நடந்தான். சர்க்கரை ஏறி நரம்பு பாதிக்கப்பட்டால் பூனைக்கு இப்படி ஆகும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சொன்னார்கள்.

அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கும் மாணவர்களுக்கும் நன்றி சொல்லி மாளாது. பயந்தாலே பூனைக்குச் சர்க்கரை எகிறிவிடுமாம். அதனால் ஒரே ரீடிங்கை நம்பாமல், சில வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். காது மடலைக் கையால் சூடேற்றி, ஓரத்தில் லேசாகக் குத்தி, கடுகளவு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொடுத்தார் ஒரு மாணவி. ஜிலேபி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பதறியதெல்லாம் நான்தான்.

மருந்துக்கடை அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. டாக்டர் எழுதிக்கொடுத்த கிளார்ஜின் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி போட்ட, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட ஊசிதான் வேண்டும். சிவப்பு மூடி 40 யூனிட் ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும், பூனை தாங்காது. ஒவ்வொரு முறையும் மூடியின் நிறத்தைக் காட்டிவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்பதால், ரயில் தாமதமான மாலைகளில் எதிர்வீட்டு அக்கா போட்டுவிட்டார். அவருக்குப் பூனை என்றாலே ஆகாது. அதனால் அந்த நன்றி இரட்டிப்பு.

வீடு தேடியதுதான் பெரும்பாடு. போட்டோவைப் பார்த்து "சோ க்யூட்" என்றவர்கள், தினமும் இரண்டு ஊசி என்றதும் காணாமல் போனார்கள். "ஆசைதான், ஆனா எங்களால முடியாது" என்று நேராகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி, தலையாட்டிக் கூட்டிப்போய்ப் பாதியில் திருப்பி அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியில் வந்தது ரிட்டையர் ஆன ஒரு தம்பதி. ஐயாவுக்கே பல வருடமாகச் சுகர். ஊசி போட்டுவிடுவது அம்மா. "இவருக்குப் போட்டுட்டு அப்படியே அவனுக்கும் போட்டுடறேன், இதுல என்ன?" என்றார். மற்றவர்கள் எல்லாம் "கடிக்குமா?" என்று கேட்டபோது, "சாப்பிடாம இருந்தா ஊசி போடலாமா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். போடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், சர்க்கரை ரொம்ப இறங்கித் தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் தேன் தடவிக்கொண்டு உடனே ஓட வேண்டும் என்றேன். மறுநாளே ஃப்ரிட்ஜ் மேல் தேன் பாட்டில் வந்துவிட்டது. பக்கத்தில் டாக்டர் நம்பர் பெரிய எழுத்தில்.

சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. ஜிலேபிக்கும் டோஸைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், பார்ப்போம். குதிகால் தூக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று நேற்று அம்மா வீடியோ அனுப்பினார். சோபா மேல் ஏறிவிட்டானாம், ஐயாவின் இடத்தில்.

வைத்தியத்துக்கு நீங்கள் அனுப்பிய பணத்தில் மீந்ததற்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கி அவர்களிடமே கொடுத்துவிட்டேன். பில்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.