டிரைவ்வேல இருக்கிற மஞ்சத் தடம்

தம்பி,

சாப்டியா. நீ போடுற கட்டைவிரல் எமோஜிக்கு என்ன பதில் போடுறதுன்னு தெரியல, மூணு வாரமா அதுதான் வருது, அதான் உக்காந்து லெட்டரா அடிக்கிறேன். நீளமாப் போனா கோவிச்சுக்காத.

சனிக்கிழமை உன் டீமோட அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஸ்ட்ரீம்ல பாத்தோம். தொப்பிய திருப்பிப் போட்டுக்கிட்டு சைட்லைன்ல நின்ன. வலது கைய ஹூடி பாக்கெட்ட விட்டு நாலு குவார்ட்டரும் எடுக்கவே இல்லன்னு அம்மா சொல்றா. ஒஹையோ குளிருடின்னு சொல்லிட்டேன். அதப்பத்தி நான் ஒண்ணும் கேக்கல.

நான் சொல்ல வந்தது காலப் பத்தி. பந்து எறியுற குவார்ட்டர்பேக்கா உனக்குப் பதிலா இறங்குனானே அந்தக் குட்டைப் பையன், அவன் கால பாத்தியா? மூணு ஸ்டெப் பின்னாடி போறான், பின்கால ஊணுறான், முன்கால ஒரு சாண் எடுத்து வைக்கிறான், அவ்ளோதான், இடுப்பு திரும்புது, தோள் அது பின்னாடியே வருது, பந்து கைய விட்டுப் போயிடுது. நீ ரெண்டு முழம் தள்ளி வைக்கிற. கால் நீளம், தானா போகுது. அப்படி அகட்டி வச்சா வெயிட் முன்கால் மேல ஏறாம நடுவுலயே மாட்டிக்கும், தோள் பின்பக்கம் சாயும், பந்து அதப் பிடிக்க ஓடுற ரிசீவர் தலைக்கு மேல பறக்கும். இடுப்பு குடுக்க வேண்டிய வேகத்த கை தனியா இழுக்கணும். அதுவும் நீளக் கை, சுத்தி வர்றதுக்கே நேரம் ஜாஸ்தி. உயரமா இருந்தா முன்னாடி மறிச்சு நிக்கிற லைன்மேன் தலைக்கு மேல பாக்கலாம், ஆனா கால அடக்கி வைக்கத் தெரியணும். முன்கால சின்னதா வை.

என்எஃப்எல் லீக்ல ஆடுற குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன எடுத்துக்க. 6 அடி 5 அங்குலம், ராட்சசக் கை, ஆனா 2018ல முதல் சீசன்ல எறிஞ்சதுல 52.8 சதவீதம்தான் போய்ச் சேந்துச்சு. 2020ல 69.2. நடுவுல எறியச் சொல்லிக் குடுக்குற கோச் ஜோர்டன் பாமர் கூட சேந்து காலையும் இடுப்பையும் திருத்துனான். அந்த வருஷம் நல்ல ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் டீமுக்கு வந்ததும் ஒரு காரணம்னு நீ சொல்லுவ, சரி, இருக்கட்டும். கை அதே கைதானே?

ட்ரூ பிரீஸும் குவார்ட்டர்பேக்தான், 6 அடிதான், சின்னச் சின்ன ஸ்டெப்பா வச்சு லைன்மேனுங்க நடுவுல சந்து பாத்து எறிவான். 2005 கடைசி மேட்ச்ல அடிபட்டு அவனுக்கு எறியுற தோள் கிழிஞ்சே போச்சு. ஒளிக்கல, ஆபரேஷன் பண்ணிக்கிட்டான், அடுத்த வருஷமே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் லீக்லயே அதிக கஜம் எறிஞ்சான். சும்மா ஞாபகம் வந்துச்சு, அதான் சொன்னேன்.

பெரியப்பா போன வாரமும் கேட்டாரு. டீம் மொத்தமும் எங்க பையன் வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்னு சொன்னேன், பொய்யில்லையே. பெத்தவனுக்கு ஒரு போன் பண்ண மட்டும் நேரமில்ல உனக்கு. பத்தாவதுல நீ எறிஞ்ச அந்த நீளப் பந்து, அது சுத்துன சுத்து, இன்னும் என் போன்ல இருக்கு, டெலீட் பண்ணல.

முன்கால சின்னதா வைன்னு நான் சொல்றது உனக்கு சிரிப்பா இருக்கும். தெரியும்.

வீட்டு முன்னாடி கார் நிறுத்துற டிரைவ்வேல, நீ எறிஞ்சு பழக கால் தடம் போட்டது நாந்தானே. கராஜ்ல மிஞ்சுன பெயிண்ட்ட வச்சு வெள்ளையா ரெண்டு, ஹெச்ஓஏன்னு இருக்கிற நம்ம குடியிருப்போர் சங்கத்துக்காரன் லெட்டர் வேற அனுப்புனான். அப்புறம் ஒரே வருஷத்துல நீ அஞ்சு அங்குலம் வளந்ததும், கால் நீளமாயிடுச்சுல்லன்னு முன்கால் தடத்த இன்னும் தள்ளி மஞ்சள்ல போட்டேன். எனக்குத் தெரிஞ்சது கிரிக்கெட் பௌலிங். காலேஜ்ல புதுப்பந்து போட்டவன், நல்லா அகட்டி, முன்முட்டி மடங்காம ஊணுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா பௌலருக்குப் பின்னாடி இருபது கஜ ஓட்டம் இருக்கு, அந்த ஓட்டமே அவன முன்கால் மேல ஏத்தி விட்டுடும். நீ பின்பக்கமா போய்க்கிட்டு இருந்தவன், நின்ன எடத்துலேருந்து எறியணும். இந்த வித்தியாசம் என் மண்டையில ஏற இத்தன வருஷம் ஆயிருக்கு. உன் ஸ்கூல் கோச் குறைச்சு வை குறைச்சு வைன்னு கத்துனாரு, நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அவருக்கு என்னடா தெரியும்னு மஞ்சத் தடத்துல நிக்க வச்சேன்.

இன்னொண்ணு. பதினொண்ணாவது லீவுல அந்த கேம்ப்புக்குப் போன அன்னிக்குக் காலைல நீ இடது கையால பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்த. கதவு ஒருக்களிச்சுதான் இருந்துச்சு. நான் பாத்தேன். பணம் கட்டியாச்சுன்னு கீழ போய் கார ஸ்டார்ட் பண்ணிட்டேன். நீயும் ஒண்ணும் சொல்லாம வந்து ஏறுன. மூணு மணி நேரம் டிரைவ், ஒரு வார்த்தை கேக்கல நான்.

நேத்து டேப் வச்சு அந்தத் தடத்த அளந்தேன், அளவு எழுதக் கை வரல. வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன், வெள்ளை போயிடுச்சு, மஞ்சள் போக மாட்டேங்குது.

இன்சூரன்ஸ் கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். சும்மா போன்ல கிடக்கட்டும். எங்க காட்டுனாலும் பில் எனக்குத்தான் வரும், என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன்.

அப்பா