கமலாக்காவின் மனு

அன்புள்ள வசந்தி,

உன் மின்னஞ்சல் வந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள், நியாயம்தான். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், என் முழங்கால்தான் நடக்க மாட்டேன் என்கிறது. உஷா போன வாரம் பேசினாள், நீ இன்னும் அந்தப் பச்சை ஸ்வெட்டரை வைத்திருக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கமலாக்கா வந்திருந்தார்.

ஆமாம், நம் விடுதிக் கமலாக்காதான். ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்து நான்கு. கண்ணில் புரை. விடுதியில் முப்பது வருஷம் சமைத்துச் சேர்த்த பணத்தில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார் இல்லையா, நாம்கூட கிரகப்பிரவேசத்துக்குப் போய் அவர் மகன் வேலுவின் சைக்கிளைப் பஞ்சராக்கிவிட்டு வந்தோமே, அந்த வீட்டை ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த வீட்டில் இவருக்கு இடம் இல்லை. தங்கை மகள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறார். இதை அவர் அழாமல் சொன்னார் வசந்தி. நான்தான் அழுதேன்.

பைக்குள் பத்திரத்தின் நகலும் ஒரு மனுவின் ஒப்புகைச் சீட்டும் இருந்தன. 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் யாரோ எழுதிக் கொடுத்த மனு. அதைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சட்டத்தை அன்று ராத்திரியே உட்கார்ந்து முழுவதும் படித்தேன். 32 பிரிவுகள்தான், நீயும் ஒருமுறை படி. எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு போன நாளிலிருந்து 90 நாளுக்குள் ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும், விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத மாதிரிதான் சட்டத்தையே அமைத்திருக்கிறார்கள். இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர் நம் ஊர்களில் வருவாய்க் கோட்டாட்சியர். ஆனால் அக்காவின் மனு போன இடத்தில் அந்த நாற்காலியில் ஆள் இல்லை. இருந்தவருக்கு மாறுதல், வேறொருவருக்குக் கூடுதல் பொறுப்பு. பொறுப்பில் இருப்பவருக்குத் தன்னுடைய வேலையே தலைக்கு மேல்: பட்டா மேல்முறையீடு, சட்டம் ஒழுங்கு, தேர்தல் வேலை. அக்கா நான்கு முறை பஸ் ஏறிப் போய் நான்கு முறையும் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். நான்காவது முறை, வாய்தா தேதியைக்கூட யாரும் எழுதித் தரவில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் உன் மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் உன் நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகர் லிங்கனில் உங்கள் சட்டமன்றக் குழு ஒன்றின் விசாரணைக்குப் போய் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாய். ஆளுநர் நியமித்த ஒருவரைக் குழு கூப்பிட்டு உட்காரவைத்து, நீ ஏன் இந்தப் பதவிக்கு வர விரும்புகிறாய், இந்த வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள், அப்புறம்தான் அவையில் வாக்கெடுப்பு என்று. முதல் தடவை படித்தபோது, குளிரைப் பற்றி எழுதாமல் வேறு ஏதோ எழுதியிருக்கிறாளே என்று மட்டும்தான் நினைத்தேன். இப்போது அந்தப் பத்தியை மனப்பாடமாகச் சொல்வேன்.

உன் நெப்ராஸ்காவும் நம் தமிழ்நாடும் ஒரு விஷயத்தில் ஒன்று, கவனித்தாயா? இரண்டு இடத்திலும் ஒரே ஒரு அவைதான். உங்களுடையது 1937இலிருந்து அப்படி, 49 பேர். நம்முடையதில் மேலவையை 1986இல் கலைத்தார்கள், 234 பேர் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊரில் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு, யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து பேசலாம் என்றாய். இங்கே மசோதாவை அலசிப் பார்க்க உறுப்பினர்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதே அபூர்வம். அறிமுகம் ஒரு நாள், நிறைவேற்றம் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், ஒன்றன்பின் ஒன்றாக. நியமனங்களுக்கு அவையின் ஒப்புதல் என்ற வழக்கமே இல்லை. தகவல் ஆணையர் என்றால் முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், ஓர் அமைச்சர் கொண்ட குழு பரிந்துரைக்கும். மனித உரிமை ஆணையம் என்றால் பேரவைத் தலைவரும் அந்தக் குழுவில் இருப்பார். அங்கே யார் என்ன கேட்டார்கள் என்று நமக்குத் தெரியாது, பெயர் வந்த பிறகுதான் தெரியும். துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதற்கு நம் மாநில அரசும் ஆளுநரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், ஊரே அதைப் பேசியது. கோட்டாட்சியர் நாற்காலி காலியாக இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான், ஏழு மாதத்துக்கு முன்னால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பேனா சொல்.

போன வருஷம் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் அனுமதி கேட்கும் விவாதம், நடந்தபோது ஒரு நாள் பார்வையாளர் மாடத்துக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அதை அப்போது சரியாகச் சொல்லவில்லை. போனைக் கோட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் பேரவைத் தலைவர் ஒரு குறளும் பொருளும் படித்து ஆரம்பித்தார். அப்புறம் கேள்வி நேரம்: பாலம், துணை மின்நிலையம், கல்லூரிக்குக் கூடுதல் கட்டடம். பதில்கள் பெரும்பாலும் 'பரிசீலிக்கப்படும்', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்'. எனக்கு அப்போது சலிப்பாக இருந்தது. ஆனால் அந்த 'ஆவன செய்யப்படும்' என்ற இரண்டு சொல்லை எழுதி வைத்துக்கொண்டு அது நடந்ததா இல்லையா என்று பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது என்பது பின்னால் தெரிந்தபோது, அந்தச் சலிப்பான ஒரு மணி நேரத்தின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அமைச்சர் அவையில் சொன்னது காற்றோடு போவதில்லை, ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. அதேபோல் விதி, அறிக்கை போன்ற ஏடுகளை அவையின் முன் வைப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். இந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, மாநில அரசு எழுதும் விதிகளைச் சட்டமன்றத்தின் முன் வைத்தே ஆக வேண்டும் என்கிறது. நம் மாநில விதிகள் 2009இல் வந்தவை. கமலாக்காவுக்கு மாதம் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்பது மாநில விதியில்தான் இருக்கிறது. மத்தியச் சட்டம் அதற்குப் போட்ட உச்சவரம்பு 10,000 ரூபாய். அதை எடுத்துவிட 2019இல் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறாமலே மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. 2007இல் 10,000 ரூபாய்க்கு என்ன மதிப்பு, இன்றைக்கு என்ன மதிப்பு, நீயே யோசித்துப் பார்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. முதுமை என்பது நம் அவையில் ஒரு பொருளாக எங்கேயும் இல்லை, வசந்தி. முதியோர் உதவித்தொகை வேண்டுமென்றால் அது வருவாய்த் துறை, மானியக் கோரிக்கை எண் 41. பராமரிப்புச் சட்டமும் முதியோர் இல்லமும் சமூக நலத் துறை, எண் 45. கண் புரைக்கும் முழங்காலுக்கும், வீடு தேடி வரும் மாத்திரைக்கும், கிண்டியில் முதியோருக்கென்றே கட்டிய மருத்துவமனைக்கும் சுகாதாரத் துறை, எண் 19. வீட்டுக்கே ரேஷன் வருவது உணவு, கூட்டுறவுத் துறைகளின் வேலை. சென்னையில் வயதானவர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பயண டோக்கன் போக்குவரத்துத் துறை. ஒவ்வொன்றும் நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. மாதம் 20 ரூபாய் என்று 1962இல் ஆரம்பித்த உதவித்தொகை 2023இல் 1,200 ஆகியிருக்கிறது, அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசு கொடுப்பது வெறும் 200 ரூபாய் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நம் மாநிலம் தன் கையிலிருந்து நிறையவே போடுகிறது. ஆனால் இந்தத் துறைகளுக்கெல்லாம் வேறு வேறு நாளில் விவாதம், வேறு வேறு கொள்கை விளக்கக் குறிப்பு, வேறு வேறு அமைச்சர். கமலாக்கா ஒருத்தர்தான். அவர் எந்த நாளில் வந்து எந்த வரியில் உட்காருவார்?

உதவித்தொகை மனுவும் போட்டுப் பார்த்தோம். ஆதரவற்றவர் என்று காட்ட வேண்டுமாம். மகன் இருக்கிறானே என்று கேட்டார்கள். மகன் பெயரில் வீடு வேறு இருக்கிறது. யார் எழுதிக் கொடுத்த வீடு என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் அது பதினெட்டைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். நீயும் நானும் உஷாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறோமடி, மறக்காதே. கேரளச் சட்டமன்றம் 2025இல் மூத்த குடிமக்களுக்கென்றே தனி ஆணையம் அமைக்கச் சட்டம் போட்டுவிட்டது, நாட்டிலேயே முதலாவது. உங்கள் பக்கம் 1965ஆம் வருஷச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோருக்கென்று பொறுப்பான ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும். நமக்கும் ஆணையம் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் கமலாக்காவோடு நான்கு மாடிப்படி ஏறி இறங்கிய பிறகு, ஆணையம் வந்தால் அதில் யார் உட்காருவார்கள், அவர்களை யார் கேள்வி கேட்பார்கள், பதவி காலியானால் எத்தனை நாளில் நிரப்புவார்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கிறது. சட்டத்தில் 90 நாள் என்று எழுதியவர்கள், அந்த 90 நாளும் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் சொன்னார், மனுக்கள் குழுவுக்கு எழுதேன் என்று. சட்டமன்றத்தின் குழுதான் அது, மாவட்டங்களுக்கு வந்து மக்களிடம் நேரடியாக மனு வாங்குவார்கள். ஆசையோடு அறிவிப்பைத் தேடிப் படித்தேன். எவையெல்லாம் மனுவில் இருக்கக்கூடாது என்று ஒரு பட்டியல்: தனிநபர் குறை, நீதிமன்ற வழக்கு, வேலைவாய்ப்பு, பட்டா... நடுவில் முதியோர் ஓய்வூதியம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். காரணம் எனக்கும் புரிகிறது, அதை அனுமதித்தால் குழுவுக்கு வேறு எதுவும் பார்க்க நேரம் இருக்காது. புரிந்தும் மனம் ஆறவில்லை. அத்தனை பேர் அந்த ஒன்றையே கேட்டு எழுதுகிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

அதனால் அக்காவின் பெயரை எழுதாமல் பொதுப் பிரச்சினையாகவே எழுதினேன். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பதால் ஒன்றே ஒன்றைக் கேட்டிருக்கிறேன்: மாநிலம் முழுவதும் எத்தனை பராமரிப்புத் தீர்ப்பாயங்கள் கூடுதல் பொறுப்பில் ஓடுகின்றன, 90 நாளைத் தாண்டிய மனுக்கள் எத்தனை, அந்த இடங்களை நிரப்ப என்ன செய்யப்போகிறார்கள். இதை அவையின் முன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நகல் எடுத்து வைத்தாயிற்று. நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்திலும் ஒன்று கொடுத்தேன். சட்டமன்றக் கேள்வியாக இதைக் கேட்க முடியுமா என்று அங்கிருந்த பையன் குறித்துக்கொண்டான். நல்ல பையன், அவன் பாட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசினான்.

பத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்ய அந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை வயதானவர்களுக்கு உதவும் விதமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி அவர் கொடுத்த தானத்தை ரத்து செய்தது, ஆனால் அங்கே மகன் தனியாக ஒரு தாளில் உறுதி எழுதிக் கொடுத்திருந்தான். வேலு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதித் தா என்று கேட்கத் தோன்றவில்லையா என்று அக்காவிடம் கேட்டேன். "பெத்த பிள்ளைகிட்ட எப்படிம்மா எழுதி வாங்குறது" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வரும் வியாழக்கிழமை ஐந்தாவது தேதி. புதிதாக ஒரு கோட்டாட்சியர் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். காலை ஆறரை பஸ். உன்னிடம் ஒரே ஒரு உதவி: அந்த விசாரணையில் குழு கேட்ட கேள்விகளை நினைவிருக்கிற வரைக்கும் எழுதி அனுப்பு, சின்னக் கேள்வியாக இருந்தாலும் சரி. உன் போட்டோவை அக்காவிடம் காட்டினேன். புரை விழுந்த கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இளைச்சுப் போயிட்டாளே, அங்கே யார் சமைக்கிறது என்று கேட்டார். அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
மீனா