மார்செய் மீன்கார அம்மாவுக்கும், உங்க எல்லாருக்கும்

அப்பா நேத்து டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு. ரூமுக்கு வந்ததும் வராததுமா ரசம் இருக்கான்னு கேட்டாரு, அப்பதான் எங்களுக்கு உயிரே வந்துச்சு. பிரான்ஸ்ல மார்செய் பழைய துறைமுகத்தப் பாக்கப் போன எடத்துல அப்பாவுக்குத் திடீர்னு முடியாமப் போயி ஆஸ்பத்திரியில சேத்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப விவரமா எழுத தெம்பில்ல, நன்றி மட்டும் சொல்லிக்கறேன்.

முதல் நன்றி பழைய துறைமுகத்துல மீன் விக்கற அந்த அம்மாவுக்கு. ஆம்புலன்ஸ் வண்டியில அப்பா கூட ஒருத்தர்தான் ஏறலாம்னாங்க, நான் ஏறிட்டேன், எங்கம்மா கரையிலயே தனியா நின்னுட்டாங்க. பாஷை தெரியாது, போன்ல சார்ஜ் இல்ல, மிஸ்ட்ரால்னு அந்த ஊர்ல வடக்கேர்ந்து வீசற குளிர்காத்து வேற ஆளைத் தள்ளுது. 2013ல நார்மன் ஃபாஸ்டர் போட்ட பளபளன்னு முகம் பாக்கற கண்ணாடி மாதிரி ஸ்டீல் கூரை ஒண்ணு அங்க இருக்குல்ல, தலைகீழா நம்மளையே பாத்துக்கலாம், செல்ஃபிக்கு சூப்பர், ஆனா நாலு பக்கமும் தொறந்து கெடக்கு, காத்துக்கு ஒரு மறைப்பும் கிடையாது. அதுக்குப் பக்கத்துலதான் காலைல மீன் கடை போடறாங்க.

அந்த அம்மா தான் உக்காந்திருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டு எங்கம்மாவ உக்கார வெச்சு, தன்னோட கோட்டையும் கழட்டிப் போத்தி விட்டிருக்காங்க. அப்பவும் அம்மாவுக்குக் கை நடுக்கம் நிக்கல. உடனே ஒரு கத்திய கையில குடுத்து, ஒரு தட்டு மத்தி மீன முன்னாடி நகத்தி விட்டாங்களாம்! எங்கம்மா பாண்டி பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கினா கூட வெட்டித் தர விடமாட்டாங்க, வீட்டுல வந்து தானே ஆய்ஞ்சாதான் திருப்தி. ஒரு தட்டு முடிஞ்சு அடுத்த தட்டு, செதில் எடுத்து குடல் எடுத்து அலசி வெச்சு, நடுவுல அந்த அம்மா மலை மேல இருக்கற மாதா கோயிலக் காட்டிக் காட்டி கும்பிட்டிருக்காங்க. கடலுக்குப் போறவங்கள காப்பாத்தற மாதாவாம், எங்கம்மாவுக்கு அது வேளாங்கண்ணிதான், அங்கயே நேர்ந்துக்கிட்டாங்க. மத்தியானம் மத்த கடையெல்லாம் மேசைய கழுவிட்டுக் கெளம்பியாச்சு, இவங்க மட்டும் நான் திரும்பி வர்ற வரைக்கும் போகல. நான் பணம் நீட்டினேன், கோவமா திட்டினாங்க, என்ன திட்டுன்னு புரியல, புரியாததும் நல்லதுதான்.

அப்புறம் ஆம்புலன்ஸ்ல வந்த தீயணைப்புத் தம்பிங்க. மார்செய்ல தீயணைப்புக்காரங்கன்னா கடற்படை ஆளுங்க, 1938ல கனெபியேர் தெருவுல ஒரு பெரிய கடை எரிஞ்சு நெறைய பேர் செத்த பிறகு, 1939லேர்ந்து அப்படித்தானாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் போன எடுத்து டாக்டர் சொன்னத தமிழ்ல சொன்ன பாரிஸ் அக்கா, இன்சூரன்ஸ் பேப்பர் பாத்த அண்ணன், சோறு வடிச்சுக் கொண்டு வந்த ஈழத்துக் குடும்பம், நர்ஸுங்க, கேக்காமலே பணம் போட்டுவிட்டவங்க, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடறேன்.

இந்த வயசுல அவர எதுக்கு அங்க கூட்டிட்டுப் போனீங்கன்னு சிலர் கேட்டீங்க. அப்பாவோட தாத்தா சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயா, கப்பல் ஏறி மார்செய்ல எறங்கினவர். அந்தக் கப்பலெல்லாம் நின்னது பழைய துறைமுகத்துல இல்ல, நீராவிக் கப்பல் பெருகி இங்க எடம் பத்தாமப் போயி வடக்கால கட்டின ஜோலியெட் துறைமுகத்துலன்னு அப்பாவுக்கே தெரியும். ஆனாலும் கிமு 600 வாக்குல கிரேக்க மாலுமிங்க வந்து எறங்கின எடம்னு தரையில பதிச்சிருக்கற தகட்டப் பாக்கணும், ரெண்டு கோட்டைக்கும் நடுவுல கடல் வாசல் தெரியறதப் பாக்கணும்னு ஒரே ஆசை. தகட்டப் பாத்துட்டாரு. அக்கரைக்குப் போற படகுல ஏறத்தான் முடியல, அடுத்த வருஷம் ஏத்தியே தீருவேன், டாக்டர் சரின்னா.

பணம் போட்டவங்க தயவுசெஞ்சு அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க, இன்சூரன்ஸ் வந்ததும் திருப்பறேன். மார்செய் பக்கம் இருக்கறவங்க யாராவது ஒரு காலைல மீன் கடைக்குப் போயி, அப்பா டிஸ்சார்ஜ் ஆயிட்டாருன்னு அந்த அம்மாகிட்ட பிரெஞ்சுல சொல்லிடுங்க. போட்டோ என்கிட்ட இருக்கு, கேட்டா அனுப்பறேன்.