பேர் தெரியாத அங்கிளுக்கு

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரத்தம் கொடுத்தவர்கள், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த புளோக் அக்காமார்கள், முகம் சுளிக்காத நர்ஸ் மிஸிகள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள், தலை இன்னும் சுற்றுகிறது.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே ஓர் அங்கிளுக்காகத்தான். மூன்றாம் நாள் ராத்திரி, ஐசியூ வாசல் பெஞ்சு. அவர் மனைவியும் உள்ளே. கட்டி வாங்கிய, பால் சேர்க்காத கோப்பி ஓவை என் கையில் திணித்துவிட்டு, என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்காமல், சிங்கப்பூர்ச் சாங்கியில் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த காலத்துக் கதையை ஆரம்பித்துவிட்டார். (எனக்கு முதலில் எரிச்சல்தான்.) 1942இல் ஜப்பான்காரர்களிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதி ஸ்டான்லி வாரன். வயிற்றுக்கடுப்பும் சிறுநீரக நோயுமாக ராபர்ட்ஸ் பாசறையின் 151ஆம் புளோக்கில் கிடந்தவரை, கீழ்த்தளத்துச் சிற்றாலயச் சுவரில் ஓவியம் வரையக் கேட்டிருக்கிறார்கள். சாயத்துக்கு எங்கே போவது? கூட இருந்த கைதிகள் எங்கெங்கோ தேடிப் பிடித்து ராணுவப் பழுப்புப் பெயிண்ட் கொண்டுவந்தார்களாம். நீலத்துக்கு?

"பில்லியர்ட்ஸ் கோல்ல தேய்ப்பாங்களே, அந்தச் சாக்கட்டிம்மா!"

ஒரு தடவைக்குக் கால் மணி நேரம்தான் வரைய முடியும், அப்புறம் ஓய்வு. அப்படியே கிறிஸ்துமஸுக்குள் முதல் ஓவியம் முடிந்து, பிறகு மொத்தம் ஐந்து. போருக்குப் பின் அவற்றைச் சீர்செய்யக் கூப்பிட்டபோது பழைய நினைவே வேண்டாமென்று தயங்கியவர், 1963இல்தான் திரும்பி வந்தாராம்.

"உன்னையும் கால் மணி நேரம்தான் உள்ள விடுவாங்க. அழுதே தீர்த்துடாதே."

மறுநாளிலிருந்து அப்பா காதருகே தமிழ் முரசு படித்தேன். வானிலை, மரண அறிவிப்பு, பந்து விளையாட்டு, எது கிடைத்தாலும். ஒன்பதாம் நாள் நான் அவசரத்தில் "மளை" என்று படிக்க, கண்ணைத் திறக்காமலே அவர் உதடு அசைந்தது. "மழை." அதுதான் முதல் வார்த்தை. மிஸியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை, "மழைப்பா, மழைப்பா" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஓடிப்போய்ச் சொல்லலாமென்று வந்தால் பெஞ்சு காலி. வீட்டிலும் தினம் கால் மணி நேரம் படிப்பதை நான் விடப்போவதில்லை. அங்கிள், இது உங்கள் கண்ணில் பட்டால் ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஒரு கோப்பி கடன்.