கவிழ்த்தால் இடம் வலமாகும்

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் ஒன்பதாவது போகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை என் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஒரு பையனின் போர்டு செத்துப்போனது. இஎஸ்பி32, அதுதான் வைஃபையோடு வரும் குட்டிக் கணினிப் பலகை; 30 பின் (ஒயர் மாட்டும் உலோகக் கால்) உள்ள சாதாரண போர்டு. அப்பாவின் வாழைத் தோட்டத்துக்கு மண் ஈரம் பார்த்து மோட்டாரை ஓடவிட ஒரு கருவி செய்துகொண்டிருந்தான். சோல்டர் இல்லாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. அதை டாட் போர்டில் (துளை போட்ட பலகை) ஈயம் உருக்கி ஒட்டி, சோல்டர் செய்து எடுத்துவந்து சுவிட்சைப் போட்டான். சிப்பின் தகர மூடியில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லைடா.

அவன் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்த பின் படத்தைப் பார்த்து அப்படியே ஒயர் போட்டிருக்கிறான். படம் மேலிருந்து பார்த்து வரைந்தது. சோல்டர் வைக்க அவன் பலகையைக் கவிழ்த்திருக்கிறான். யுஎஸ்பி வாய் கீழே வரும்படி பிடித்தால் இடது ஓரத்தில் கடைசி விஐஎன் (5 வோல்ட் கொடுக்கும் பின்), வலது ஓரத்தில் கடைசி 3.3 வோல்ட். இரண்டும் நேருக்கு நேர். அதற்கு முந்தைய பின் இரண்டு பக்கமும் கிரவுண்டு. கவிழ்த்ததும் இடம் வலமாகிவிட்டது. கிரவுண்டு கிரவுண்டிலேயே விழுந்துவிட, 5 வோல்ட் மட்டும் நேராக 3.3 பின்னுக்குள் போயிருக்கிறது. அந்தச் சிப் தாங்குவதே 3.6 வோல்ட் வரைதான். 'இது மேலிருந்து பார்க்கும் படம்' என்று ஒரு வரி நான் எழுதியிருந்தால் போதும்.

புதுப் போர்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஞாயிறு முழுக்க இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் உட்கார்ந்து படத்தை முதலிலிருந்து வரைந்தேன். இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்திருப்பாயே, ஒவ்வொரு பின்னுக்கும் ஆறேழு வண்ணப் பட்டை. பையன்களுக்கு வேண்டியது அதற்குள் எங்கேயோ புதைந்து கிடக்கும். நான் பெரிய எழுத்தில் ஜிபிஐஓ எண்ணை, அதாவது புரோகிராமில் பின்னைக் கூப்பிடும் எண்ணை, மட்டும் போட்டேன். பக்கத்தில் சின்னதாக ஒரே ஒரு வேலை: சென்சார்களோடு பேசும் இரண்டு ஒயர்களுக்கு 21 எஸ்டிஏ, 22 எஸ்சிஎல், அந்த மாதிரி.

இடத்தையெல்லாம் எச்சரிக்கைக்குத்தான் கொடுத்தேன். 34, 35, 36, 39 சிக்னலை உள்ளே வாங்க மட்டும். மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேயை அதில் மாட்டினால் அசையாது. 12ஆம் பின்னை போர்டு எழும்பும் நேரத்தில் 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைத்தால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் என்று நினைத்துக்கொண்டு எழும்பாமலே கிடக்கும். 25, 26, 27 எல்லாம் ஏடிசி2, அதாவது அனலாக் அளவை எண்ணாக மாற்றும் இரண்டு பகுதிகளில் வைஃபையும் பயன்படுத்தும் பகுதி. வைஃபை ஓடும்போது அனலாக் அளவு கிடைக்காது. போன வருஷம் இதே ஈர சென்சாரை 26இல் மாட்டி, வைஃபையைப் போட்டதும் அளவு நின்றுபோய், நாம் இரண்டு பேரும் போனில் ராத்திரி ஒரு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதுதான். ஏடிசி1இல் உள்ள 32க்கு மாற்றியதும் சரியானது.

இன்னொன்று, பையன்கள் கலர் பிரிண்ட் எடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைதான். என் பழைய படத்தின் சிவப்பும் கறுப்பும் அங்கே ஒரே கறுப்பாகிவிடும். அதனால் இப்போது வடிவத்தால் பிரித்திருக்கிறேன்: மின்சாரத்துக்கு முக்கோணம், கிரவுண்டுக்குக் கட்டம், தொடக்கூடாததற்குப் பெருக்கல் குறி. யுஎஸ்பி வாய், ஆண்டெனா, இரண்டு பட்டன்களையும் உள்ளபடியே வரைந்தேன். போர்டை எப்படிப் பிடிப்பது என்பதை அவை சொல்லிவிடும். மேல் பார்வை ஒரு பக்கம், கீழ்ப் பார்வை மறுபக்கம். பின்னுக்குப் பின் 2.54 மில்லிமீட்டர், அசல் அளவு.

இதில்தான் உன் உதவி வேண்டும். உன்னிடம் 38 பின் போர்டு இருக்கிறதல்லவா? அதில் வரிசை வேறு. இரண்டு வரிசைக்கும் நடுவே எவ்வளவு என்று காலிப்பர் அளவுகோல் வைத்து அளந்து சொல். போர்டில் அச்சடித்த எழுத்தை இருபக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. சோல்டர் சாமி மறுபடியும் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொல்லாதே!

30 பின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் 'பேப்பருக்குத் தகுந்தபடி சுருக்காதீங்க' என்று சொல்லி எடு. 30 பின் போர்டு ஒன்றை அதன் மேல் வைத்துப் பார், ஒரு கால் விலகியிருந்தாலும் உடனே எழுது. வரும் சனிக்கிழமை அந்தப் பையன் மறுபடியும் சோல்டர் வைக்கப் போகிறான்.

அன்புடன்,
சோல்டர் சாமி