அப்பா பெயருக்கு நேரே எழுத வேண்டியது

மக்கா,

அப்பா எதனால் இறந்தார் என்று போன வாரம் போனில் நீ கேட்டபோது "நெஞ்சுவலி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கம்பெனி மெடிக்கல் படிவத்துக்கு அது போதும். தகப்பனார் இறந்த வயது 47, காரணம் மாரடைப்பு. ஆனால் வருகிற சித்திரையில் உனக்கு 40 முடிகிறது. படிவத்தில் இடம் இல்லாத சில விஷயங்களும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் பேசினால் உன் பிள்ளைகள் சத்தத்தில் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனபோது உனக்கு 18 வயது, காலேஜில் சேர்ந்த புதிது. அவரைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் பாதி, துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதாக்கும். சாந்தமானவர், சிவபக்தர், நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வான். இந்தக் கடைசி வாக்கியத்தை அன்று எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் தெரியுமா? அப்படிப் பார்த்தால் இன்னும் இருக்கிற நாங்களெல்லாம் யார்? எனக்கு அன்றும் அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆண்டவன் கூப்பிட்டான் என்று முடித்துவிட்டால் அப்புறம் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம் இருந்தது. அதைச் சொல்கிறேன். ஆனால் சாந்தமானவர் என்ற பொய்யை முதலில் சரி செய்துவிடுகிறேன்.

அவர் கோபக்காரர். நீ எட்டாவது படிக்கும்போது உனக்குக் கணக்கு வாத்தியாரும் அவர்தான்; கணக்குப் பேப்பரில் விடை மட்டும் எழுதி, வழிமுறை எழுதாமல் விட்டாய் என்று பாதி மார்க்கைக் குறைத்தாரே, நினைவிருக்கா? நீ இரண்டு நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு இருந்தாய். நான் சண்டைக்குப் போனேன். அதற்கு அவர் சொன்ன பதில், பாதி மனுஷனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தின் கதை. சிவனைத் தவிர யாரையும் ஏற்காத புருஷாமிருகத்திடம் பீமன் "கோவிந்தா கோபாலா" என்று கத்திவிட்டு ஓடுகிறான். பிடிபடப் போகும்போதெல்லாம், கிருஷ்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்ராட்சத்தில் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூஜை பண்ணுகிறது, அதற்குள் இவன் ஓடிவிடுகிறான். கடைசியில் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது பிடிபடுகிறான். வழக்கு தருமனிடம் போகிறது. பாதி உடம்பு மிருகத்துக்கே சொந்தம் என்று சொந்தத் தம்பிக்கு எதிராகத் தருமன் தீர்ப்புச் சொல்கிறான். "தம்பிக்கே அந்தத் தீர்ப்பு என்றால் மகனுக்கு மார்க் போடுவேனா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேச முடியும்? கதையில் பீமனுக்காவது கிருஷ்ணன் துணைக்கு இருந்தான்.

அந்தப் பன்னிரண்டு ருத்ராட்சமும் விழுந்த இடம்தான் பன்னிரண்டு சிவாலயம். சிவராத்திரிக்கு அந்தப் பன்னிரண்டையும் ஓடியே தரிசிப்பதுதான் சிவாலய ஓட்டம். உங்கள் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓடியவர். சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே மாலை போட்டு விரதம். முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய், நட்டாலத்தில் முடிக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு கோவிலிலும் குளித்து ஈரத்தோடு தரிசனம். சிவனைப் பார்க்க ஓடுகிறவன் வாயில் வழியெல்லாம் கோவிந்தன் பெயர், அதில் அவருக்கு ஒரு தனி ருசி. நாம் குடியிருப்பது ஆதிகேசவப் பெருமாள் படுத்திருக்கும் திருவட்டாறு. அதனால் இரண்டு பேரையும் பகைக்க முடியாது என்பார்.

உனக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அது நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவக் கலவரம். துப்பாக்கிச் சூடு வரை போன கலவரம் அது. கடற்கரைக்கும் உள்ளூருக்கும் இடையில் பேச்சுவார்த்தையே நின்றுபோன சமயம். அந்த ஜூனில் அப்பாவுக்கு முதல் வேலை, கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் எல்லாம் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள், எல்லாம் கத்தோலிக்கர்கள். உங்கள் ஆச்சி வேலையே வேண்டாம் என்றார்களாம். சொந்தத்தில் ஒரு பெரியவர், போகிறதானால் நெற்றியில் திருநீறு இல்லாமல் போ என்று புத்தி சொன்னாராம். இவர் மூன்று பட்டையும் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார். அங்கே முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள், "பட்டை சார்". இரண்டு வருடம் கழித்து நான் கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெயரை அவரே பெருமையாகச் சொல்வார்.

நம் வீட்டில் மீன் வாசனை உண்டா? மனுஷன் மீன் பெயர் படித்தார், மக்கா. சாளை, நெத்திலி, அயிலை, வாளை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். புத்தகத்தில் மாம்பழமும் ஆரஞ்சும் பங்கு போடுகிற கணக்கு இருந்தால், அதை மாற்றி, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று போடுவார். பின்னக் கணக்குக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது, அந்தப் பிள்ளைகளுக்கு அது வீட்டில் தினம் நடக்கிற சண்டை என்று சொல்லிச் சிரிப்பார். பின்னால் இங்கே பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்த பிறகு, அதே கணக்கு சிவாலய ஓட்டமாக மாறியது. ஒருவர் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார், கோவிலுக்குக் கோவில் குளிக்க 15 நிமிடம் எடுக்கிறார், நட்டாலம் எப்போது சேர்வார்? அந்த ஏரியாவில் நாற்பது தாண்டியவர்கள் பலர் இந்தக் கணக்கைச் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பக்தி என்று மற்றவர்கள் சொன்னது எனக்கு வேறு மாதிரிதான் தெரிந்தது, கேட்டியா. காலையில் கோவில், அப்புறம் பள்ளி, சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோவில் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், காசு வாங்காமல். 2003 ஜூலை அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்டிரைக்கில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கினார்களே, அதில் அவரும் ஒருவர். வீட்டில் உலை வைக்க யோசனை. ஆனால் திண்ணை வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. "ஸ்டிரைக் அரசாங்கத்தோடு, பிள்ளைகளோடு இல்லை" என்றார். வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்த மாதங்களில் மனுஷன் தூங்கவில்லை. ஊருக்கும் கோவிலுக்கும் கொடுத்தது போக வீட்டுக்கு மிஞ்சிய அப்பா கொஞ்சம்தான். இதைச் சொன்னால் குறை சொல்வது போல இருக்கும். குறைதான், சொல்லக் கூடாதா என்ன?

இனி நீ கேட்ட விஷயம்.

அவருக்கு சிகரெட் கிடையாது, குடி கிடையாது. வெற்றிலையோடு புகையிலை உண்டு. சிவராத்திரி விரத வாரத்தில் மட்டும் தொடமாட்டார், மறுநாள் காலை முதல் வேலை அதுதான். புகையிலையைப் புகைத்தாலும் மென்றாலும் ரத்தக்குழாய்க்குக் கெடுதல்தான் என்பதெல்லாம் அன்று யார் சொன்னார்கள்? உன் தாத்தாவும் 51 வயதில் திடீரென்றுதான் போனார். அதை வீட்டில் "வாயு அடைத்தது" என்றே சொல்லி வந்தார்கள். 2004 பிப்ரவரி ஓட்டத்தில் அப்பா கல்குளத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாராம். மேல் வயிற்றில் இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்ததாம். சுக்குநீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சரியாகி மறுபடி ஓடி முடித்தார். இது எனக்குத் தெரிந்தது பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த, கூட ஓடியவர் சொல்லித்தான். வேகமாக நடந்தால் வரும், உட்கார்ந்தால் போகும் வலி வாயு இல்லை, இதயத்துக்கு ரத்தம் பத்தவில்லை என்கிற அறிகுறி அது. இதை நன்றாக மனதில் வை.

அந்த ஆவணியில் ஒரு நாள் கோவிலிலிருந்து வந்து, நெஞ்சு எரிகிறது, சோடா வாங்கி வா என்றார். சட்டை பிழிந்து எடுக்கிற அளவுக்கு வேர்வை. தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்போது 108 ஆம்புலன்ஸ் கிடையாது, அது 2008-ல்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் காரைக் கிளப்பிக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், பெரிய அட்டாக் என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை 300-க்கு மேல். எத்தனை வருடமாக இருந்ததோ, அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சர்க்கரை இருந்தால் நெஞ்சுவலி நெஞ்சுவலியாகவே தெரியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டி ஏற்பாடு செய்வதற்குள் முடிந்துவிட்டது. "சிவாலயம் ஓடுகிறவருக்கு நெஞ்சுவலியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஓடுகிற காலுக்கு உள்ளே ஓடுகிற ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்?

கடற்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். அதில் பாதிப்பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. பிறகு அவர்கள் கோவிலில் அவர் பெயருக்குப் பூசை வைத்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், நானும் போய் வந்தேன். மற்றபடி பென்ஷன், எனக்குக் கிடைத்த வேலை, உன் ஃபீஸ் எல்லாம் நீயே பக்கத்தில் இருந்து பார்த்தது.

ஆகவே படிவத்தில் இப்படி எழுது: தகப்பனார் 47-ல் மாரடைப்பு, சர்க்கரை இருந்தது, தாத்தா 51-ல் திடீர் மரணம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்களாம். கம்பெனிக்காரன் பார்க்கிற பிரஷரும் கண்ணும் போதாது. மூன்று மாத சர்க்கரை சராசரி, கொழுப்பு இரண்டையும் நீயே காசு கொடுத்துப் பார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நீ சொன்னதை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், இந்த வருடம் அப்பாவுக்காக ஓட வருகிறேன் என்றாயே. சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமை முஞ்சிறையில் இருக்க வேண்டும். ஆசைப்படு, தப்பில்லை. ஆனால் பாலைவனத்தில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவன் திடீரென்று வந்து 100 கிலோமீட்டர் ஓட வேண்டாம். டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சரி என்றால் ஓடு. இல்லையென்றால் உன் மாமா பைக்கில் போகிறான், பின்னால் ஏறிக்கொள். இப்போது பாதிப்பேர் பைக்கிலும் வேனிலும்தான் போகிறார்கள், சிவன் யாரையும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. வேட்டியும் விசிறியும் இங்கே வாங்கிக்கொள்ளலாம். மருமகளிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடு. அவளுக்குச் சொல்லாமல் வந்தாயானால் நான் உன் பக்கம் பேசமாட்டேன்.

அம்மா